ரயில் பிரேக்கில் வெஸ்டிங்ஹவுஸ் பெயர் 150 வருஷமாக எப்படி நிற்கிறது?

கேள்வி கேட்டவர் டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்தவர். ஓசூரில் வாப்டெக் என்று பெயர்ப் பலகை பார்த்திருக்கிறார். லாரிகளில் வாப்கோ என்று பார்த்திருக்கிறார். இரண்டும் 1869-ல் ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் தொடங்கிய அதே கம்பெனிதானா, அப்படியானால் 150 வருஷமாக அதே காற்று பிரேக்கை வைத்தே எப்படிப் பிழைக்கிறார்கள், எல்லாம் கரண்ட்டுக்கு மாறிவிட்ட காலத்தில் இது மட்டும் ஏன் மாறவில்லை என்று கேட்கிறார். கம்பெனியின் வரலாறு கேட்பதுபோல் இருந்தாலும், இதைவிட நல்ல பிரேக்கை யாராலும் செய்ய முடியவில்லையா, இல்லை செய்ய விடவில்லையா என்பதுதான் அவருடைய உண்மையான சந்தேகம் என்று எனக்குப் படுகிறது. அதற்கே பதில் சொல்கிறேன். நான் ரயில்வேயில் சி அண்ட் டபிள்யூ (கேரேஜ் அண்ட் வேகன்) பிரிவில், பெரும்பாலும் சரக்கு வேகன் பராமரிப்பில் இருந்தவன். வேகனுக்கு அடியில் இருப்பதை அனுபவத்தில் சொல்வேன். கம்பெனிகள் கைமாறிய கதையைப் பொதுவில் பதிவாகியிருக்கும் அளவுக்குச் சொல்வேன். மெட்ரோ ரயில் பிரேக் என் துறை இல்லை, அதற்குள் போகவில்லை.

முதலில் அந்தப் பிரேக்குக்கு முன்னால் என்ன இருந்தது என்று தெரிய வேண்டும். 1860களின் அமெரிக்க ரயிலில் பிரேக் என்றால் ஆள். ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு கை சக்கரம் இருக்கும். டிரைவர் விசில் கொடுத்தால் பிரேக்மேன்கள் ஓடும் வண்டியின் கூரை மேல் பெட்டிக்குப் பெட்டி தாவி அதைச் சுற்ற வேண்டும். மழையிலும் பனியிலும் இதே வேலைதான். விழுந்து செத்தவர்களும் கை கால் இழந்தவர்களும் ஏராளம். வெஸ்டிங்ஹவுஸ் தனது 22 வயதில், 1869 ஏப்ரலில், இதற்கு மாற்றாகக் காற்று பிரேக்குக்குக் காப்புரிமை வாங்கினார். அதே ஆண்டில் பிட்ஸ்பர்க்கில் வெஸ்டிங்ஹவுஸ் ஏர் பிரேக் கம்பெனியையும் தொடங்கினார். இன்ஜினில் ஒரு கம்ப்ரசர், அங்கிருந்து எல்லாப் பெட்டிக்கும் ஒரு குழாய், பெட்டிக்கு ஒரு சிலிண்டர். டிரைவர் காற்றை விட்டால் பிஸ்டன் வெளியே வந்து பிரேக் கட்டையைச் சக்கரத்தில் அழுத்தும். அவ்வளவுதான்.

இந்தக் காலத்தைப் பற்றி இரண்டு கதைகள் எல்லா இடத்திலும் ஓடுகின்றன. முதல் ஓட்டத்திலேயே தண்டவாளத்தின் குறுக்கே ஒரு குதிரை வண்டிக்காரர் மாட்டிக்கொண்டார், புது பிரேக் போட்டதால் அவர் பிழைத்தார் என்பது ஒன்று. ரயில்வே முதலாளி வாண்டர்பில்ட் ‘காற்றால் ரயிலை நிறுத்துவேன் என்று சொல்லும் முட்டாள்களுக்கு எனக்கு நேரம் இல்லை’ என்று விரட்டினார் என்பது இன்னொன்று. முதல் கதை பழைய வாழ்க்கை வரலாறுகளிலேயே இருக்கிறது, ஆனால் அது நடந்தது 1868-லா 1869-லா என்பதிலேயே புத்தகத்துக்குப் புத்தகம் மாறுகிறது. இரண்டாவதைப் பிற்காலத்தில் சேர்ந்த கதையாகவே எடுத்துக்கொள்ளுங்கள். காப்புரிமையும் கம்பெனி தொடங்கிய ஆண்டும் மட்டும் உறுதி.

ஆனால் இன்று உலகம் முழுக்க ஓடுவது அந்த 1869 பிரேக் இல்லை. அதில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. குழாய் எங்காவது அறுந்தாலோ பெட்டிகள் கழன்றாலோ காற்று வெளியே போய்விடும், பிரேக்கே பிடிக்காது. சரியாக எப்போது பிரேக் வேண்டுமோ அப்போது இருக்காது. 1872-ல் அவர் அதைத் தலைகீழாக மாற்றினார். பிரேக் போட வேண்டும் என்கிறபோது குழாயில் காற்றை விடுவதற்குப் பதிலாக, எப்போதும் குழாய் நிறையக் காற்று இருக்கும்படி வைத்தார். ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு சின்ன டேங்க், ஒரு வால்வு. குழாயில் அழுத்தம் இருக்கும் வரை வால்வு அந்த டேங்கை நிரப்பிக்கொண்டே இருக்கும். குழாயில் அழுத்தம் குறைந்தால், டிரைவர் குறைத்தாலும் சரி, பெட்டிகளை இணைக்கும் ரப்பர் குழாயான ஹோஸ் அறுந்து குறைந்தாலும் சரி, வால்வு நகர்ந்து டேங்கில் உள்ள காற்றை சிலிண்டருக்கு அனுப்பிவிடும். மறுபடி அழுத்தம் ஏறினால் சிலிண்டர் காற்றை வெளியே விட்டுவிடும். நிரப்புவது, பிடிப்பது, விடுவது என்று மூன்று வேலை செய்வதால் அதற்கு டிரிபிள் வால்வ் என்று பெயர். குழாய் இதில் காற்று கொண்டுபோகும் வழி மட்டும் இல்லை, செய்தி கொண்டுபோகும் கம்பியும் அதுதான். இந்த ஒரு மாற்றம்தான் கம்பெனியின் 150 வருஷத்துக்கும் அடிப்படை.

நம் வேகனுக்கு அடியில் இன்று இருப்பதும் இதே தத்துவம்தான். டிரிபிள் வால்வுக்குப் பதில் டிஸ்ட்ரிபியூட்டர் வால்வு, யார்டு பேச்சில் டிவி. பிரேக் பைப்பில், அதாவது பிபியில், சாதாரணமாக சதுர செ.மீ.க்கு 5 கிலோ அழுத்தம். லோகோ பைலட் அதை 3.5 கிலோவுக்கு இறக்கினால் முழு பிரேக், சிலிண்டரில் 3.8 கிலோ ஏறும். இறக்கிய அளவுக்கு ஏற்ப இடையில் எந்த நிலையிலும் நிறுத்தலாம். ரேக், அதாவது கோத்த வேகன் தொடர், புறப்படும் முன் கன்டினியூட்டி பார்ப்போம், குழாய் கடைசி வரை திறந்திருக்கிறதா என்ற சோதனை அது. கடைசி வண்டியின் ஆங்கிள் காக்கை, அதாவது குழாய் முனையை மூடித் திறக்கும் அடைப்பானை, திறந்தால் பிபி காற்று காது அடைக்கும் சத்தத்தோடு சீறி வெளியே வரும், புழுதி பறக்கும். அதே நேரம் முன்னால் லோகோவில் கேஜ் முள் விழ வேண்டும். வேகன் வேகனாகப் பிஸ்டன் வெளியே வந்து பிரேக் கட்டை சக்கரத்தில் போய் உட்காரும். இங்கே காற்று சீறுகிறது, அங்கே முள் விழவில்லை என்றால் நடுவில் எங்கேயோ ஒரு ஆங்கிள் காக் மூடிக்கிடக்கிறது என்று அர்த்தம். அதைக் கண்டுபிடிக்காமல் பிரேக் பவர் சர்டிபிகேட்டில் கையெழுத்துப் போடக் கூடாது. கையளவு நீளக் கைப்பிடிதான் அது. ஆனால் இந்த வேலையில் நான் மிகவும் பயந்த பொருள் அதுதான்.

ஏன் பயம் என்றால், குழாயில் அழுத்தம் குறைந்தால் பிரேக் பிடிக்கும் என்கிற பாதுகாப்பு, குழாய் முழு நீளத்துக்கும் திறந்திருந்தால் மட்டுமே. 1988 ஜூன் 27-ல் பாரிஸின் காரே டி லியோன் நிலையத்தில் நடந்தது இதற்கு உதாரணம். வழியில் ஒரு பயணி அபாயச் சங்கிலி இழுத்து வண்டி நின்றது. பிரேக்கை விடுவிக்க முயன்றபோது டிரைவர் தவறுதலாகப் பிரேக் பைப்பின் காக்கை மூடிவிட்டார். பின்னால் இருந்த பெட்டிகளில் பிரேக் பிடித்தே இருந்ததால், ஏதோ அடைப்பு என்று நினைத்து அவற்றின் காற்றையும் வெளியே விட்டார்கள். வண்டி கிளம்பியது. சரிவில் இறங்கியபோது முன்பக்கத்தில் மட்டும் பிரேக் இருந்தது. நிலையத்தில் நின்றிருந்த வண்டியில் மோதி 56 பேர் இறந்தார்கள்.

இன்னொரு தவறான எண்ணத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் லாரி தெரிந்தவர்கள் இதில் கட்டாயம் குழம்புவார்கள். லாரியில் பார்க்கிங் பிரேக் ஸ்பிரிங்கால் பிடிக்கும். காற்றுதான் அதை விலக்கி வைக்கும், காற்று போனால் ஸ்பிரிங் பிடித்துக்கொள்ளும். ரயிலிலும் அப்படித்தான் என்று பலர் நினைக்கிறார்கள். சாதாரண வேகனில் அப்படி இல்லை. அங்கே பிரேக்கைப் பிடித்துக்கொண்டிருப்பதே காற்றுதான், அந்தச் சின்ன டேங்கில் சேர்த்து வைத்த காற்று. இரவு முழுக்க நிறுத்திவைத்தால் அது மெல்ல மெல்லக் கசிந்து போய்விடலாம். பிறகு வேகன் சுதந்திரம். அதனால்தான் நிறுத்திவைக்கும் ரேக்குக்கு ஹேண்ட் பிரேக் சுற்று, சக்கரத்தடியில் கட்டை வை, சங்கிலி போட்டுப் பூட்டு என்று விதி மேல் விதி வைத்திருக்கிறார்கள். 2013 ஜூலை 6-ல் கனடாவின் லாக் மெகாண்டிக் ஊரில் 47 பேர் இறந்தது இந்த இடத்தில்தான். கச்சா எண்ணெய் ஏற்றிய 72 டேங்கர் கொண்ட வண்டியை ஒரு மேட்டில் நிறுத்திவிட்டு டிரைவர் போய்விட்டார். இன்ஜினில் தீப்பிடித்ததால் தீயணைப்பு வீரர்கள் இன்ஜினை நிறுத்தினார்கள், அதோடு கம்ப்ரசரும் நின்றது. இன்ஜின் பிரேக்கில் இருந்த காற்று கசிந்தது. 7 ஹேண்ட் பிரேக் மட்டுமே போட்டிருந்தார்கள், அது போதவில்லை. வண்டி தானாக உருண்டு ஊருக்குள் போய்க் கவிழ்ந்து எரிந்தது. வெஸ்டிங்ஹவுஸின் தத்துவம் ஓடும் வண்டியை நிறுத்துவதற்கானது. நின்ற வண்டியைப் பிடித்து வைப்பது வேறு வேலை. இது புரியாமல் யாரும் யார்டுக்குள் கால் வைக்கக் கூடாது என்று நான் நினைக்கிறேன்.

சரி, கம்பெனிக்கு வருவோம். நல்ல கண்டுபிடிப்பு மட்டும் இருந்தால் 150 வருஷம் நிற்க முடியாது. இரண்டு விஷயங்கள் அதை நிலைநிறுத்தின. ஒன்று சரக்கு வண்டிக்கு அதைப் பொருத்தியது. பயணிகள் வண்டி குட்டையாக இருந்தது, அதில் டிரிபிள் வால்வ் நன்றாக வேலை செய்தது. 1886-ல் அயோவா மாநிலத்தின் பர்லிங்டனில் 50 பெட்டி கொண்ட சரக்கு வண்டிகளை வைத்துப் பல கம்பெனிகளின் பிரேக்குகளைச் சோதித்தார்கள். முன்பெட்டிகளில் பிரேக் பிடித்துவிடும், செய்தி பின்னால் போய்ச் சேர்வதற்குள் பின்பெட்டிகள் வந்து முன்பெட்டிகளில் மோதும். அடி அவ்வளவு பலமாக இருந்தது. அடுத்த ஆண்டுச் சோதனையிலும் பிரச்சினை தீரவில்லை, மின்சாரத்தால் இயக்கினால்தான் முடியும் என்ற கருத்து வலுத்தது. ஆமாம், 1887-லேயே மின்சார பிரேக் பேச்சு வந்துவிட்டது. வெஸ்டிங்ஹவுஸ் சில மாதங்களில் வால்வைத் திருத்தினார். அழுத்தம் குறைவதை உணர்ந்ததும் ஒவ்வொரு பெட்டியின் வால்வும் தன் பங்குக்குப் பிபியிலிருந்து கொஞ்சம் காற்றை அங்கேயே வெளியே விடும். இதனால் ஒரு பெட்டி அடுத்த பெட்டியை எழுப்ப, செய்தி பலமடங்கு வேகமாகப் பின்னால் ஓடும். 50 பெட்டி வண்டி அதிராமல் நின்றது. எனக்கு 1872-ஐ விட இதில்தான் அவர் மேல் மரியாதை அதிகம். தன் சொந்தக் கண்டுபிடிப்பு எல்லோர் முன்னிலையிலும் தோற்ற பிறகு, அந்தக் குறையைத் தீர்த்துவிட்டுத் திரும்ப வந்தார்.

இன்றைய சர்வதேசத் தரப்படி பிரேக் செய்தி விநாடிக்குக் குறைந்தது 250 மீட்டர் வேகத்தில் பரவ வேண்டும். காற்றில் ஒலியின் வேகமே சுமார் 340 மீட்டர்தான், அதைத் தாண்ட எந்த வால்வாலும் முடியாது. அதனால் 700 மீட்டர் நீள ரேக்கில் கடைசி வேகனுக்குச் செய்தி போக எப்படியும் இரண்டு மூன்று விநாடி ஆகும். இதை ஈடுகட்டத்தான் சரக்கு வேகனில் சிலிண்டர் நிரம்ப 18 முதல் 30 விநாடி வரை வேண்டுமென்றே எடுத்துக்கொள்ள வைக்கிறார்கள். பயணிகள் பெட்டியில் அது 3 முதல் 5 விநாடி. சரக்கு வண்டி ஏன் அவ்வளவு மெதுவாகப் பிரேக் பிடிக்கிறது என்று கேட்பவர்களுக்கும் இதுதான் பதில்.

இரண்டாவது விஷயம் சட்டம். பிரிட்டனில் குழாயிலிருந்து காற்றை உறிஞ்சி எடுத்து இயங்கும் வாக்குவம் பிரேக்கும் காற்று பிரேக்கும் வருஷக்கணக்கில் மல்லுக்கட்டின. 1889 ஜூன் 12-ல் அயர்லாந்தின் ஆர்மா அருகே, ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் போன உல்லாச வண்டி ஒன்று ஏற்றத்தில் நின்றது. அதில் இருந்தது தானாகப் பிடிக்காத சாதாரண வாக்குவம் பிரேக். வண்டியை இரண்டாகப் பிரித்ததும் பின்பாதி பிரேக் இல்லாமல் உருண்டு, பின்னால் வந்த வண்டியில் மோதியது. இறந்தவர்கள் சுமார் 80 பேர், பலர் குழந்தைகள். அதே ஆண்டிலேயே, பயணிகள் வண்டிகளில் எல்லாப் பெட்டிக்கும் தொடர்ச்சியாக, அறுந்தால் தானாகப் பிடிக்கும் பிரேக் கட்டாயம் என்று சட்டம் வந்தது. அமெரிக்காவில் 1893-ல் சேஃப்டி அப்ளையன்ஸ் சட்டம் காற்று பிரேக்கையும், பெட்டிகளை இணைக்கும் தானியங்கி கொக்கியான கப்ளரையும் கட்டாயமாக்கியது. லொரென்சோ காஃபின் என்ற அயோவாக்காரர் பிரேக்மேன்களின் உயிருக்காக வருஷக்கணக்கில் போராடியதன் பலன் அது.

சட்டம் ஒரு கம்பெனியின் பெயரைச் சொல்லவில்லை. போட்டியாளர்களும் இருந்தார்கள். பாய்டன் என்ற கம்பெனி மேல் வெஸ்டிங்ஹவுஸ் தொடுத்த காப்புரிமை வழக்கில் 1898-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பாய்டன் பக்கமே தீர்ப்புச் சொன்னது. ஆனால் அதற்குள் நாட்டின் எந்த வேகனும் எந்த வேகனோடும் இணைய வேண்டும் என்பது நடைமுறையாகிவிட்டது. ஹோஸ் பொருந்த வேண்டும், அழுத்தம் ஒத்துப்போக வேண்டும், என் வால்வு பிடிக்கும்போது உன் வால்வும் பிடிக்க வேண்டும். புதிதாக ஒருவன் பத்து மடங்கு நல்ல பிரேக் கொண்டுவந்தாலும் அது பழையதோடு சேர்ந்து ஓடினால்தான் விற்கும். உங்கள் சந்தேகத்துக்கு என் பதில் இதுதான். யாரும் தடுக்கவும் இல்லை, மாற்று இல்லாமலும் இல்லை. லட்சக்கணக்கான வேகன்களை ஒரே இரவில் மாற்ற முடியாது என்பதுதான் உண்மையான காவல். அந்தக் காவலுக்குள் மற்றவர்களும் நுழைந்தார்கள். 1905-ல் பெர்லினில் கியோர்க் க்னோர் தொடங்கிய க்னோர் பிரெம்சே அதில் முக்கியமானது. சிலிண்டர் காற்றைப் படிப்படியாக விடும் சரக்கு வண்டி பிரேக்கில் ஐரோப்பாவில் அவர்கள்தான் முன்னால் போனார்கள். நம் வேகன்களில் கேஈ வால்வு க்னோர் வழி வந்தது, சி3டபிள்யூ வெஸ்டிங்ஹவுஸ் வழி வந்தது. இரண்டும் ஒரே ரேக்கில் கலந்து ஓடுகின்றன.

அடுத்து, இன்றைய வாப்டெக் 1869 கம்பெனியேதானா? பாதி ஆமாம். 1968-ல் அமெரிக்கன் ஸ்டாண்டர்ட் என்ற நிறுவனம் வெஸ்டிங்ஹவுஸ் ஏர் பிரேக்கை வாங்கியது. 1990-ல் ரயில் பிரேக் பகுதியை அதன் நிர்வாகிகளே வாங்கித் தனியாகப் பிரிந்தார்கள். அது 1999-ல் மோட்டிவ்பவர் என்ற ரயில் இன்ஜின் துறைக் கம்பெனியோடு இணைந்து வாப்டெக் ஆனது. லாரி பிரேக் பகுதி அமெரிக்கன் ஸ்டாண்டர்டிடமே இருந்து, 2007-ல் வாப்கோ என்று தனியானது, 2020-ல் ஜெர்மனியின் இசட்எஃப் அதை வாங்கியது. சென்னையில் சுந்தரம் கிளேட்டனில் தொடங்கிய லாரி பிரேக் தொழில் வாப்கோ இந்தியாவாகி இன்று இசட்எஃப் பெயரில் இருப்பது அந்தக் கிளை. ஓசூர் கதை வேறு. பிரேக் கட்டை தேயத் தேய இடைவெளியைச் சரிசெய்யும் ஸ்லாக் அட்ஜஸ்டர் செய்த சுவீடன் கம்பெனியான சாப், ஐரோப்பாவின் வாப்கோ ரயில் பிரிவோடு சேர்ந்து சாப் வாப்கோ ஆனது. 2004-ல் பிரான்சின் ஃபெய்வலி அதை வாங்கியது, 2016-ல் ஃபெய்வலியை வாப்டெக் வாங்கியது. நான்கு பெயர் மாறி, பழைய வீட்டுக்கே திரும்பிவந்த சொத்து. பிரிட்டனில் இருந்த வெஸ்டிங்ஹவுஸ் பிரேக் கிளையோ 2000-ல் போட்டியாளரான க்னோரிடமே போய்ச் சேர்ந்தது. அதனால் ‘1869 முதல்’ என்று விளம்பரத்தில் பார்த்தால், தொழில்நுட்பத்தின் தொடர்ச்சி என்று நம்பலாம், ஒரே முதலாளி, ஒரே நிறுவனம் என்று நம்ப வேண்டாம்.

இந்தியாவில் இது ஏன் தாமதமாக வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். பிரிட்டிஷ்காரர்கள் விட்டுப்போனது வாக்குவம் பிரேக். அதில் வேலை செய்வது வெளிக்காற்றின் அழுத்தம், எவ்வளவு முயன்றாலும் அது சதுர செ.மீ.க்கு ஒரு கிலோவைத் தாண்டாது. அதனால் சிலிண்டர் பெரிதாக இருக்க வேண்டும், நீண்ட கனமான ரேக்கில் கடைசி வரை வாக்குவம் எட்டாது. 1980களில் பாக்ஸ்என் என்ற மேல் திறந்த சரக்கு வேகன்கள் வந்தபோதுதான் சரக்கு வண்டியில் காற்று பிரேக் பெரிய அளவில் ஓடத் தொடங்கியது. இரண்டு வகையும் பக்கத்துப் பக்கத்து லைன்களில் நின்ற காலத்தில் வேலை பார்த்தவர்களுக்கு, பழையதைப் புதியதோடு கோக்க முடியாத அவஸ்தை என்னவென்று தெரியும்.

கடைசியாக, கரண்ட் பிரேக். அது வந்துவிட்டது. இசிபி என்பார்கள். செய்தி ஒயரில் போகும், எல்லா வேகனும் ஒரே நொடியில் பிடிக்கும், அழுத்துவது மட்டும் பழையபடி காற்று. ஆஸ்திரேலியாவின் இரும்புத்தாது ரயில்களில் ஓடுகிறது. அங்கே சுரங்கமும் ரயிலும் துறைமுகமும் ஒரே முதலாளிக்குச் சொந்தம், அதே வேகன்கள் அதே பாதையில் போய்வரும், எல்லாவற்றையும் மொத்தமாக மாற்றலாம். அமெரிக்காவில் 2015-ல் எண்ணெய் வண்டிகளுக்கு இதைக் கட்டாயமாக்கி ஒரு விதி வந்தது. செலவுக்கு ஏற்ற பலன் இல்லை என்று 2018-ல் அதைத் திரும்பப் பெற்றார்கள். அந்தக் கணக்கு சரியா என்பதில் ரயில்வே கம்பெனிகளும் பாதுகாப்பு நிபுணர்களும் இன்னும் ஒத்துப்போகவில்லை. என் கருத்து, நிலக்கரி போல ஒரே சுற்றில் ஓடும் ரேக்குகளில் நம் நாட்டிலும் முயலத் தகுந்தது. எங்கும் போய் எதோடும் கோக்கும் வேகனில் இப்போதைக்கு நடக்காது. ஐரோப்பாவில் இப்போது டிஜிட்டல் ஆட்டோமேட்டிக் கப்ளர் என்று ஒன்றைச் சோதித்துவருகிறார்கள். வாப்டெக், க்னோர் இருவருமே அந்த வேலையில் இருக்கிறார்கள். இரண்டு வேகன் முட்டினால் கொக்கி, கரண்ட், டேட்டா எல்லாம் ஆள் கை படாமல் ஒன்றாக இணையும். அந்தக் கப்ளரின் முகத்தைப் படத்தில் பாருங்கள். மின் முனைகளோடு சேர்த்துப் பிரேக் பைப்புக்கான துளையும் அதில் இருக்கும்.